டீலியா வால்ஷ் என்று ஒருவர் பிறந்ததற்கே பதிவு இல்லை. அயர்லாந்து பழைய ரெக்கார்டுகள் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

டப்ளின்_மழை:
வணக்கம். டப்ளினுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது, கணவர் இந்த ஊர்க்காரர். மாமியாருக்கு வயதாகிக்கொண்டே போகிறது, தன் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம், அதைக் கண்டுபிடிக்கும் வேலை என் தலையில். (அவர் மகன், அதாவது என் கணவர், இரண்டு நாள் தேடிவிட்டு "எல்லாம் ஒரே பெயர்" என்று லேப்டாப்பை மூடிவிட்டார்.)

பாட்டியின் பெயர் டீலியா வால்ஷ். மேயோ கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஜில்லா மாதிரி) "சுவின்ஃபோர்ட் பக்கம்" ஏதோ ஒரு ஊர். டப்ளினுக்கு வீட்டு வேலைக்கு வந்து, ராத்மைன்ஸில் ஒரு டாக்டர் வீட்டில் இருந்து, அப்புறம் இங்கேயே கல்யாணம். பிறந்தநாள் பிப்ரவரி 1, புனித பிரிஜித் திருநாள். அது மட்டும் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், வருடம் யாருக்கும் தெரியாது.

1911 சென்சஸில் ஆளைப் பிடித்துவிட்டேன். ராத்மைன்ஸ், வேலைக்காரப் பெண், டீலியா வால்ஷ், வயது 25, கல்யாணம் ஆகவில்லை, பிறந்த இடம் மேயோ. அப்படியென்றால் 1886 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். அரசின் இலவசத் தளத்தில் (ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஈ) 1884லிருந்து 1888 வரை சுவின்ஃபோர்ட் மாவட்டம் முழுக்கத் தேடிவிட்டேன். டீலியா என்று ஒரு குழந்தைகூட இல்லை. ஒரு கட்டணத் தளத்தில் யாரோ ஒருவர் இவரைத் தன் குடும்ப மரத்தில் சேர்த்து, கால்வேயில் பிறந்ததாகப் போட்டிருக்கிறார். அதைப் பார்த்து இன்னும் ஆறு பேர் காப்பி அடித்திருக்கிறார்கள். நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பழையஓலை:
முதலில் அந்த ஆறு பேரையும் மறந்துவிடுங்கள்.

டீலியா என்று ஞானஸ்நானம் கொடுத்த குழந்தை அந்தக் காலத்து மேயோவில் அநேகமாக இருக்காது. டீலியா என்பது பிரிட்ஜெட். பிரிட்ஜெட், பிரைடி, பிடி, பீசி, டீலியா, பெட்லியா எல்லாம் ஒரே பெயர்தான். வீட்டை விட்டுப் பட்டணத்துக்கோ அமெரிக்காவுக்கோ போகிற பெண்கள் பிரிட்ஜெட்டை உதறிவிட்டு டீலியா ஆவது சர்வ சாதாரணம். வேலைக்காரி என்றாலே "பிடி" என்று கூப்பிட்டுக் கேலி செய்த காலம் அது. பிரிஜித் திருநாளில் பிறந்த பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

இரண்டாவது, 25 என்ற வயதை நம்பி ஐந்து வருடத்துக்குள் தேடியிருக்கிறீர்கள். பத்து வருடம் முன்னே போங்கள். இந்த இரண்டு சென்சஸிலும் (1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2) வயது என்பது அன்றைய மனநிலை. கல்யாணமாகாத பெண் ஏழெட்டு வருடம் குறைத்துச் சொல்வாள். அதிகாரி பிறப்புச் சான்றா கேட்கப்போகிறார்? வந்தவர் உள்ளூர் போலீஸ்காரர்.

மூன்றாவது, மாவட்டப் பெயர். சிவில் பதிவில், அதாவது அரசின் பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவில், இருக்கும் மாவட்டம் கவுண்டி அல்ல. ஏழைகள் நிவாரணச் சட்டத்துக்காகப் பிரித்த யூனியன் எல்லைகளைத்தான் பதிவு மாவட்டமாக எடுத்துக்கொண்டார்கள். அது கவுண்டி எல்லையை மதிக்காது. பாலினஸ்லோ மாவட்டம் கால்வேயிலும் உண்டு, ராஸ்காமனிலும் உண்டு. உங்கள் சுவின்ஃபோர்டைப் பழைய ஏடுகளில் நடுவில் ஒரு "ஈ" கூட்டி எழுதியிருப்பார்கள், அந்த எழுத்திலும் தேடுங்கள்.

அவருடைய கல்யாணப் பதிவு கிடைத்ததா? அதைப் பார்க்காமல் பிறப்புக்குப் போகாதீர்கள். பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும்.

சும்மா_வந்தவன்:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? அயர்லாந்து ரெக்கார்டு எல்லாம் 1922ல உள்நாட்டுச் சண்டையில எரிஞ்சு போச்சுன்னு படிச்சிருக்கேன். இருக்கறது எல்லாம் மிச்சம் மீதிதான். டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துட்டுப் போங்க.

பழையஓலை:
இதை எழுத யாராவது வருவார்கள் என்று தெரியும் :)

எரிந்தது உண்மை. 1922 ஜூன் 30, டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம். ஆனால் எது எரிந்தது, எது எரியவில்லை என்று பார்க்க வேண்டும். 1821, 1831, 1841, 1851 சென்சஸ் ஏடுகள் ஒருசில துண்டுகள் தவிரப் போயின. உயில்கள் போயின. அங்கே கொண்டுவந்து வைத்திருந்த அயர்லாந்து சபையின் (ஆங்கிலிக்கன்) கோயில் ரெஜிஸ்தர்களில் பாதிக்கு மேல் போயின. கத்தோலிக்க ரெஜிஸ்தர்கள் அந்தந்தப் பங்குக் கோயில்களில் (பங்கு என்றால் ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் வட்டாரம், பாரிஷ்) இருந்ததால் தப்பித்தன. பிறப்பு, இறப்பு, கல்யாணப் பதிவுகள் வேறு அலுவலகத்தில் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. 1901, 1911 சென்சஸ் முழுதாக இருக்கிறது.

நடுவில் 1861லிருந்து 1891 வரை நான்கு சென்சஸ் இருக்கிறதே, அவை எந்தத் தீயிலும் எரியவில்லை. அரசாங்கமே அழித்தது. முதல் இரண்டையும் எடுத்த கொஞ்ச காலத்திலேயே அழித்துவிட்டார்கள், 1881ம் 1891ம் முதல் உலகப்போர் சமயத்தில் காகிதக் கூழாகப் போயின. எனக்கு அந்தத் தீயைவிட இந்தக் கூழ் மேல்தான் கோபம் அதிகம். சண்டையில் எரிந்தால் சண்டை என்று விடலாம், நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு அழித்ததை என்ன சொல்வது.

எரிந்ததில்கூட வேறு இடங்களில் நகல் இருந்தவற்றைத் தேடிச் சேர்த்து 2022 ஜூனில், நூறாவது வருடத்தில், ஒரு மெய்நிகர் காப்பகமாக வலையில் திறந்தார்கள். டிஎன்ஏ நல்லதுதான், ஆனால் அது உறவு உண்டு என்று சொல்லும், ஊரைச் சொல்லாது.

சும்மா_வந்தவன்:
சரி சரி, வாபஸ்.

டப்ளின்_மழை:
கல்யாணப் பதிவு கிடைத்துவிட்டது! 1912, டப்ளின். பதிவு ஏட்டின் பக்கத்தையே ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள், இது எனக்குத் தெரியவே தெரியாது, பெயர்ப் பட்டியல் மட்டும்தான் என்று நினைத்தேன்.

ஆனால் பக்கத்தைத் திறந்தால் பாதி ஏமாற்றம். வயது என்ற இடத்தில் இருவருக்கும் "முழு வயது" என்று மட்டும். அப்பா பெயர் மைக்கேல் வால்ஷ், விவசாயி. அம்மா பெயருக்கு இடமே இல்லை. முகவரி ராத்மைன்ஸ் வீடு. சாட்சிகள் இரண்டு பேர், ஒருவர் மாப்பிள்ளை பக்கம், இன்னொருவர் ஹானர் வால்ஷ்.

1901 சென்சஸில் மேயோவில் மைக்கேல் வால்ஷ் என்று போட்டால் வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. தலை சுற்றுகிறது.

மூணாவது_பெஞ்ச்:
மேயோவில் வால்ஷ் தேடுவது மதுரையில் பாண்டி தேடுவது போல.

பழையஓலை:
"முழு வயது" என்றால் 21 தாண்டியவர் என்று அர்த்தம். பாதிரியாருக்கு அது போதும். அந்தக் காலத்து ஐரிஷ் கல்யாணப் பதிவில் அம்மா பெயர் வராது, இறப்புப் பதிவில் அப்பா அம்மா இருவருமே வரமாட்டார்கள். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைக்கிற இடம் பிறப்புப் பதிவு. அதனால்தான் எல்லோரும் அதற்காக அலைகிறோம்.

ஆனால் உங்கள் கையில் பெரிய துப்பு இருக்கிறது, ஏமாற்றம் என்கிறீர்கள். சாட்சி ஹானர் வால்ஷ். நிச்சயம் தங்கையாகவோ அக்காவாகவோ இருக்கும். ஹானர், ஹானோரா, ஹானோரியா, நோரா எல்லாம் ஒன்று. இப்போது நீங்கள் தேட வேண்டியது மைக்கேல் வால்ஷ் என்ற ஆளை அல்ல. அப்பா மைக்கேல், வீட்டில் ஒரு பிரிட்ஜெட், ஒரு ஹானர் மூன்றும் சேர்ந்த ஒரு வீட்டை. தனிப் பெயரைத் தேடினால் கடல். சேர்க்கையைத் தேடினால் நாலைந்து வீடு.

சென்சஸ் தேடலில் வால்ஷை நம்பாதீர்கள். வெல்ஷ், வெல்ச் என்றும் இருக்கும். கையெழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் மேலும் குழப்பியிருப்பார்கள். பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு ஊர்வழியாகப் போங்கள்: கவுண்டி, அதற்குள் தேர்தல் பிரிவு, அதற்குள் டவுன்லாண்ட், அதற்குள் வீடுகள். டவுன்லாண்ட் என்றவுடன் டவுன் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் குக்கிராமம், களம், தோப்பு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிற அளவுதான், பல இடத்தில் பத்து வீடு இருந்தால் அதிகம். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் உண்டு. ஐரிஷ் தேடலில் சாவி ஆளின் பெயரே இல்லை, இந்த டவுன்லாண்ட் பெயர்தான். பெயர் மாறும், வயது மாறும், எழுத்து மாறும், நிலம் அங்கேயே இருக்கும்.

ஒரே டவுன்லாண்டில் இரண்டு மைக்கேல் வால்ஷ் இருந்தால் பயப்படாதீர்கள். 1847லிருந்து 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டில் அந்தச் சிக்கலை அவர்களே தீர்த்திருப்பார்கள். மைக்கேல் வால்ஷ், அடைப்புக்குறிக்குள் பாட், அதாவது பாட் மகன் மைக்கேல். இன்னொருவனுக்கு அடைப்புக்குறிக்குள் சிவப்பு. தலைமுடி.

மூணாவது_பெஞ்ச்:
எங்கள் ஊரில் கறுப்பு முருகன், செவத்த முருகன், மாடி வீட்டு முருகன் மூன்று பேர் உண்டு. ரேஷன் கடையில் இன்றும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

முத்துநகர்க்காரன்:
நான் தூத்துக்குடிப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம், தாத்தா கோயில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அயர்லாந்து ரெக்கார்டு ஒன்றும் தெரியாது, ஆனால் கோயில் ரெஜிஸ்தர் தெரியும், அதனால் இரண்டு வார்த்தை.

இதே வேலையை ஒரு ஐரிஷ் நண்பருக்காகக் கொஞ்சம் செய்திருக்கிறேன். அவர்கள் பெயர் வைக்கும் முறை நமக்குப் புதிதே இல்லை. முதல் மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். முதல் மகளுக்கு அம்மாவின் அம்மா, இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா. நம்மிடம் பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தாவின் பெயரைச் சுமப்பவன். சட்டம் மாதிரி எல்லா வீட்டிலும் செல்லாது, ஆனால் பெரும்பாலும் வரும். டீலியா மூத்த மகள் என்று தெரிந்தால் அவர் அம்மாவின் அம்மா ஒரு பிரிட்ஜெட்டாக இருக்கலாம்.

அப்புறம், அங்கேயும் தவக்காலத்தில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். அதனால் அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் கல்யாணம் குவியும். பிப்ரவரி மாதப் பக்கங்களை முதலில் புரட்டினால் நேரம் மிச்சம்.

டப்ளின்_மழை:
மூன்று ராத்திரி. கண் போய்விட்டது. ஆனால் வீடு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன், "நினைக்கிறேன்" என்று ஏன் சொல்கிறேன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

1901ல் ஒரு டவுன்லாண்டில் (பெயரைப் போடவில்லை, உறவுக்காரர்கள் இன்னும் அங்கே இருக்கலாம் என்று மாமியார் தடுத்துவிட்டார்) மைக்கேல் வெல்ஷ், ஆமாம் வெல்ஷ், வயது 56. மனைவி கேத்தரின். பிள்ளைகளில் பிரிட்ஜெட் 20, ஹானர் 17, கீழே இன்னும் நான்கு பேர். மொழி என்ற கட்டத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஐரிஷும் ஆங்கிலமும், பிரிட்ஜெட் உட்பட. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கட்டம் காலி, அதாவது ஆங்கிலம் மட்டும். வீட்டுப் படிவத்தோடு இன்னொரு தாளும் இருக்கிறது, அதில் எத்தனை அறை, முன்பக்கம் எத்தனை ஜன்னல், கூரை ஓலையா ஓடா என்றெல்லாம் போலீஸ்காரர் எழுதியிருக்கிறார். இரண்டு அறை, முன்பக்கம் இரண்டு ஜன்னல், எட்டுப் பேர். அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1911ல் அதே வீடு. மைக்கேல் இப்போது 71! பத்து வருடத்தில் பதினைந்து வயது கூடியிருக்கிறது. டப்ளினில் மகளுக்கு அதே பத்து வருடத்தில் ஐந்துதான் கூடியது. மகள் விட்டதை அப்பா எடுத்துக்கொண்டார் போல. கேத்தரினுக்கு நேராகக் கல்யாணமாகி 33 வருடம், பிறந்த பிள்ளைகள் 9, உயிரோடிருப்பவர்கள் 7. இந்தக் கேள்வி 1911ல்தான் வந்ததாம், ரொம்ப உபயோகம். 33 வருடம் என்றால் 1878. முத்துநகர்க்காரன் சொன்னபடி பிப்ரவரியைப் புரட்டினேன். 1878 பிப்ரவரி 26, மைக்கேல் வால்ஷ், கேத்தரின் டர்கன். அப்பாடா.

இப்போது பிரச்சினை. 1879ல் பிரிட்ஜெட் வால்ஷ், அப்பா மைக்கேல், அம்மா கேத்தரின், பிறந்த வீட்டுப் பெயர் டர்கன், அதே டவுன்லாண்ட், எல்லாம் சரி. பதிவு செய்ய வந்தவர் அம்மாவேதான், கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி. ஆனால் பிறந்த தேதி மார்ச் 3. பிப்ரவரி 1 இல்லை. பிரிஜித் திருநாள் கதை மாமியார் வீட்டில் வேதவாக்கு. அது பொய் என்றால் நான் பிடித்தது வேறு பிரிட்ஜெட்.

பழையஓலை:
நீங்கள் பிடித்தது சரியான ஆள். கதையும் உண்மை. பொய் சொல்வது அரசுப் பதிவு.

அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பு இறப்பையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1864 ஜனவரி 1லிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. (கத்தோலிக்கர் அல்லாதவர்களின் கல்யாணம் மட்டும் 1845 ஏப்ரலிலிருந்து.) பிறப்பைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் பதிய வேண்டும், தாமதமானால் அபராதம். குளிர்காலம், கைக்குழந்தை, பதிவாளர் இருக்கும் ஊருக்குப் பல மைல் நடை. கெடு தாண்டிப் போய் நிற்பவர்கள் குழந்தையின் பிறந்த தேதியைக் கெடுவுக்குள் இழுத்துவந்துவிடுவார்கள். உங்கள் ஸ்கேனில் பதிவு செய்த தேதி என்று ஒரு கட்டம் இருக்கும், அது மார்ச் கடைசியாக இருக்கும் பாருங்கள்.

இதற்கு மருந்து கோயில் ரெஜிஸ்தர். கத்தோலிக்கர்கள் குழந்தை பிறந்த ஓரிரு நாளில் ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். அரசுப் பதிவின்படி குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதம் முன்பே ஞானஸ்நானம் ஆகியிருக்கும் பதிவுகளை நான் எண்ணிக்கை மறக்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறேன். இரண்டில் ஒன்றை நம்ப வேண்டும் என்றால் பாதிரியாரை நம்புங்கள், அவருக்கு அபராதம் கிடையாது.

அயர்லாந்து தேசிய நூலகம் இந்த ரெஜிஸ்தர்களின் மைக்ரோஃபிலிமை 2015 ஜூலையில் இலவசமாக வலையேற்றியது. பெயர் போட்டுத் தேட முடியாது, பங்கையும் மாதத்தையும் பிடித்துப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 1880 வாக்கோடு நின்றுவிடும், உங்களுக்கு 1879 என்பது அதிர்ஷ்டம்.

அப்பா 71 ஆன கதை தனிக் கதை. 1909 ஜனவரி 1லிருந்து எழுபது வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் பென்ஷன். 1864க்கு முன் பிறந்தவரிடம் பிறப்புச் சான்று எங்கே இருக்கும்? நாடு முழுக்க ஒரே வருடத்தில் கிழவர்கள் பெருகிவிட்டார்கள். 1839 ஜனவரி 6 ராத்திரி அடித்த பெரும்புயல் நினைவிருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்பார்களாம், எல்லோருக்கும் நினைவிருந்தது.

பெரம்பூர்_லோகோ:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பெரம்பூர். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியன் பெரியவர், ரயில்வேயில் டிரைவராக இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் அப்பாவின் தாத்தா அயர்லாந்திலிருந்து பட்டாளத்தில் மெட்ராஸ் வந்தவராம். பெயரும் ஐரிஷ் பெயர்தான். அவருடைய பேரன் இதை வைத்து ஐரிஷ் பாஸ்போர்ட் வாங்கலாமா என்று கேட்கிறான். 1864க்கு முன்னால் என்றால் ஒன்றுமே கிடைக்காதா?

பழையஓலை:
பாஸ்போர்ட் ஆசையை முதலிலேயே முடித்துவிடுவோம். தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்துத் தீவில் பிறந்திருந்தால் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் சேரலாம். அதற்கு மேல் தலைமுறை என்றால், இந்தப் பையன் பிறப்பதற்கு முன்பே அவன் அப்பாவோ அம்மாவோ அந்தப் பதிவேட்டில் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்கிற கணக்குக்கு வராது.

ஆள் கிடைப்பாரா என்றால், கிடைக்கலாம், ஆனால் அயர்லாந்தில் தேட ஆரம்பிக்காதீர்கள். மெட்ராஸில் தொடங்குங்கள். மெட்ராஸ் மாகாணத்துக் கோயில்களில் வெள்ளைக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்களுக்கு நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் பெரும்பாலானவற்றுக்கு நகல் லண்டனுக்குப் போனது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கிறது. அதில் கல்யாணப் பதிவைப் பிடித்தால் எந்த ரெஜிமெண்ட் என்று இருக்கும். ரெஜிமெண்ட் தெரிந்தால் ராணுவச் சேர்ப்பு, விடுவிப்புத் தாள்கள். அதில் பிறந்த பங்கு எது என்று எழுதியிருப்பார்கள், சென்சஸில்கூட கவுண்டி மட்டும்தான் இருக்கும், இதில் பங்கே கிடைக்கும். பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, ஃபிபிஸ் என்பார்கள், அவர்கள் தளத்தில் நிறைய இலவசம்.

ஒரு உபரித் தகவல்: ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் என்ற பேர்போன ரெஜிமெண்டில் ஒரு பாதி நம்ம மெட்ராஸ் பட்டாளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ஐரோப்பிய ரெஜிமெண்ட்தான் பெயர் மாறி மாறி, 1881ல் பம்பாய்ப் பட்டாளத்தோடு சேர்ந்து அந்தப் பெயருக்கு வந்தது.

பெரம்பூர்_லோகோ:
பையன் முகம் வாடிவிட்டது, பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. தனி இழை தொடங்குகிறேன்.

முத்துநகர்க்காரன்:
டப்ளின்_மழை, ஞானஸ்நானப் பக்கம் கிடைத்தால் ஓரத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கிற வரியை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள். 1908லிருந்து உலகம் முழுக்க ஒரு திருச்சபை விதி: ஒருவருக்கு எங்கே கல்யாணம் நடந்தாலும், நடத்திவைத்த பங்குத்தந்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்குத் தகவல் அனுப்ப வேண்டும், அங்கே பழைய ரெஜிஸ்தரில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக எழுதிவைக்க வேண்டும். எங்கள் கோயிலிலும் அப்படித்தான், தாத்தா பொடி எழுத்தில் எழுதுவார். டீலியாவுக்குக் கல்யாணம் 1912. எழுதியிருக்க வேண்டும்.

பெயர்கள் லத்தீனில் இருந்தால் பயப்படாதீர்கள். பிரிஜிதா, கத்தரினா, மிக்கேல். ஜேம்ஸுக்கு யாக்கோபுஸ், வில்லியமுக்கு குலியெல்முஸ். நம்ம ஊர்ப் பழைய கிறிஸ்தவப் பெயர்கள் தெரிந்தவர்களுக்கு வெள்ளைக்காரர்களைவிடச் சீக்கிரம் பிடிபடும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயரையும் எழுதி வையுங்கள், அநேகமாக மாமாவோ அத்தையோதான்.

டப்ளின்_மழை:
கை நடுங்குகிறது, தப்பும் தவறுமாக எழுதினால் மன்னிக்கவும்.

1879 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை. பிரிஜிதா, மைக்கேல் வால்ஷ், கத்தரினா டர்கன். ஞானத்தாய் ஹானோரா டர்கன். அதாவது பிப்ரவரி 1 பிறந்து மறுநாள் தூக்கிப் போயிருக்கிறார்கள். அரசுப் பதிவைத் திரும்பத் திறந்து பார்த்தேன், பதிவு செய்த தேதி மார்ச் 29.

பக்கத்தின் இடது ஓரத்தில் வேறு மசியில், வேறு கையெழுத்தில், தலையைச் சாய்த்துப் படிக்க வேண்டிய அளவில், டப்ளின் கோயிலின் பெயர், 1912, மாமியாரின் தாத்தாவின் பெயர். ஸ்கேனைப் பெரிதாக்கிக் காட்டினேன். மாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்புறம் "முப்பத்து மூன்று வயதில் கல்யாணமா, தாத்தாவுக்கு இருபத்தெட்டுதானே!" என்றார். அந்த அதிர்ச்சியில் இன்னும் இருக்கிறார்.

இன்னொன்றும் கவனித்தேன். 1901ல் ஊரில் இருந்தபோது ஐரிஷும் ஆங்கிலமும் என்று எழுதிய அதே பெண்ணுக்கு, 1911ல் ராத்மைன்ஸ் வீட்டில் மொழிக் கட்டம் காலி. பிரிட்ஜெட்டோடு அதையும் ஊரில் விட்டுவிட்டு வந்தார் போல. இல்லை, வீட்டுக்கார டாக்டர் கேட்கவே இல்லையோ என்னவோ, படிவத்தை நிரப்பியது அவர்தானே. மாமியாரிடம் கேட்டேன், பாட்டி ஒரு வார்த்தை ஐரிஷ் பேசி அவர் கேட்டதில்லையாம்.

பழையஓலை:
அருமை. இனி ஒரே ஒரு இடம் பாக்கி. தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் "சென்சஸ் தேடல் படிவங்கள்" என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. பென்ஷன் கேட்டவர்களின் வயதை நிரூபிக்க 1841, 1851 சென்சஸில் தேடச் சொல்லி அனுப்பிய விண்ணப்பங்கள். ஏடு எரிந்தது 1922ல், ஆனால் அதற்கு முன் குமாஸ்தா ஏட்டைப் பார்த்து இந்தப் படிவத்தில் எழுதிய வரிகள் பிழைத்துவிட்டன. மைக்கேலுக்கு ஒன்று இருக்கிறதா பாருங்கள். அப்பா, அம்மா, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர், டவுன்லாண்ட் எல்லாம் அதில் வரும்.

டப்ளின்_மழை:
இருக்கிறது!!! 1910ல் கொடுத்த விண்ணப்பம். அப்பா பாட் வால்ஷ், அம்மா ஹானோரா. இரண்டாவது மகள் ஹானர், பெயர் முறை அப்படியே. அதே டவுன்லாண்ட். கீழே குமாஸ்தாவின் கையெழுத்தில் 1851ல் அந்த வீட்டில் இருந்த பிள்ளைகள்: மூன்று பெயர், கடைசியாக மைக்கேல், வயது 6.

அதாவது 1910ல் அவருக்கு 65தான். பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்று அரசாங்கமே தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டது. மறு வருடம் சென்சஸ் எடுக்க வந்த போலீஸ்காரரிடம் 71 என்று சொல்லியிருக்கிறார். விட்டுக்கொடுக்கவே இல்லை மனிதர்.

மூணாவது_பெஞ்ச்:
தலைவன்.

பழையஓலை:
1926 ஏப்ரல் 18 ராத்திரி எடுத்த சென்சஸுக்கு நூறு வருட விதிப்படி வெளியீட்டு நாள் 2026 ஏப்ரல் 18. வட அயர்லாந்து நீங்கலாக 26 கவுண்டி, டப்ளின் உண்டு. அதிலும் ஐரிஷ் பேசுவீர்களா என்ற கேள்வி இருக்கிறது. வயதை இந்த முறை வருடம் மாதம் இரண்டும் சேர்த்துக் கேட்டார்கள். டீலியாவுக்கு உண்மையில் 47 வயது 2 மாதம்.

டப்ளின்_மழை:
மாமியார் 38 என்று பந்தயம் கட்டுகிறார். நான் 40. கணவர் லேப்டாப்பைத் திரும்பத் திறந்துவிட்டார், 41 என்கிறார்.